விருந்தாளியின் முறை

முக்காலி சூடாக இருந்தது.

பெருக்குவதற்காக அதைத் தூக்கி ஓரமாக வைக்கப் போனவளுக்கு உள்ளங்கையில் அந்தச் சூடு பட்டது. அடுப்பின் சூடு இல்லை, வெயிலின் சூடும் இல்லை. யாரோ அரைமணி நேரம் ஆற அமர உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனால் பிளாஸ்டிக்கில் தங்கியிருக்குமே, அந்தச் சூடு. ஜன்னலைப் பார்த்தாள். காலையிலிருந்து விடாத மழை. கண்ணாடியெல்லாம் சாம்பல் நிறம். வெயில் என்று ஒன்று இருந்ததே மறந்துபோகிற மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வீட்டில் பூனை கிடையாது. பதினான்கு மாதமாக அவளைத் தவிர உட்காருகிற ஆளும் கிடையாது.

நாம்தான் ஏதோ நினைப்பில் உட்கார்ந்திருப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தனியாக இருப்பதில் இது ஒரு வசதி; எந்தப் பழியையும் யோசிக்காமல் தன் தலையிலேயே போட்டுக்கொள்ளலாம். இன்றைக்கு அதற்கெல்லாம் நேரமும் இல்லை. ஐந்தரை மணி பஸ்ஸில் குட்டை வருகிறாள்.

குட்டை என்று பெயர் வைத்தது அண்ணன். மருந்துக் கடையில் ஏணி இல்லாமலே மேல்தட்டு டப்பாவை எடுத்துக் கொடுக்கிற உயரத்தில் ஒரு பெண்ணை வேறு என்னவென்று கூப்பிடுவது என்பான். அண்ணன் இறந்துபோன இரண்டாம் மாதம் அவளுக்கு வேறு ஊர்க் கிளையில் வேலை போட்டார்கள். இப்போது திரும்பி இங்கேயே மாற்றல். அறை தேடிக்கொண்டிருக்கிறேன் அக்கா என்று போனில் சொன்னவளிடம், அண்ணன் அறை சும்மாதானே கிடக்கிறது, வந்துவிடு என்று இவள் சொன்னாள். சொன்னபோது குரல் எங்கே உடைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. வாடகையைப் பற்றிக் குட்டை ஏதோ கேட்டாள். இவள் காதில் அது ஏறவே இல்லை. இன்னொரு ஆளின் செருப்புச் சத்தம். குளியலறையில் இன்னொரு சோப்பு. அதுதான் ஏறியது.

அண்ணன் அறையைத் துடைத்தாயிற்று. மிச்சம், சாப்பாட்டு மேஜை. பதினான்கு மாதமாக அவள் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறாள், ஏனென்றால் மேஜை முழுக்க ஆட்டம் விரித்தபடி கிடக்கிறது. அதைக் கலைக்க மனம் வராமல் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போட்டு மூடி வைத்திருந்தாள். இரண்டு பேர் நின்றுகொண்டு சாப்பிட முடியாது. விரிப்பின் நுனியைப் பிடித்து மெல்ல உருவினாள்.

அண்ணனுக்கு அந்த ஆட்டம் என்றால் பைத்தியம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு பகடை உருட்டி விளையாடுகிற ஆட்டம். கதைக்காரன் அண்ணன். அவனுக்கு எதிரில், நகர்ப் பேருந்து ஓட்டுகிற பஸ்காரர். ஆறு நாளும் ஹாரனோடு மல்லுக்கட்டிவிட்டு ஏழாம் நாள் வாளோடு வருவார். பக்கத்தில் வில்லாளி குட்டை. இவள் மந்திரக்காரி, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து பிராணிகளை வரவழைக்கிறவள். ஆரம்பத்தில் சண்டைக்குச் சண்டை எட்டு ஓநாய்களைக் கூப்பிடுவாள். எட்டுக்கும் தனித்தனியாக யோசித்து, தனித்தனியாக உருட்டி, பிறகு மாற்றி யோசித்து. ஒரு தடவை பஸ்காரர் எழுந்து வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தபோதும் ஓநாய்களின் முறைதான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் அண்ணன் இந்த வீட்டுக்கென்று சட்டம் போட்டான். பிஸ்கட் டப்பாவின் மூடிக்கு உள்பக்கம், அவனுடைய உருண்டை உருண்டைக் கையெழுத்தில் அது இன்னும் ஒட்டியிருந்தது. வரவழைக்கப்படுவதற்கு அவன் வைத்த பெயர் விருந்தாளி. ஒருவருக்கு ஒரு விருந்தாளிதான். பொம்மை இல்லாமல் விருந்தாளி கிடையாது, அதையும் கூப்பிடுகிறவர்தான் செய்ய வேண்டும். விருந்தாளிக்கும் ஒரு இருக்கை உண்டு, கூப்பிட்டவருக்கு அடுத்து ஒரு முறை உண்டு. கூப்பிட்டவர் தன் முறை வந்ததும் முதலில் என்ன சொல்கிறாரோ அதுதான் கட்டளை. அப்புறம் நாக்கைக் கடித்துப் பிரயோஜனம் இல்லை. புதுக் கட்டளை வரும்வரை பழையதே செல்லும். திருப்பி அனுப்புவதானால் தன் முறையில், பொம்மைமேல் கை வைத்து, வாய்விட்டு ‘போ’ என்று சொல்ல வேண்டும். அதன் கீழே அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தான்: ‘போயிட்டு வா’ என்று மரியாதை காட்டினால் வந்துவிடும். அனுப்பாத விருந்தாளி அடுத்த ஆட்டத்துக்கும் இருக்கும். கடைசியாக, இல்லாதவருக்காக யாரும் ஆடக்கூடாது. தாண்டுவதானாலும் அவரவர் வாயால் சொல்ல வேண்டும்.

படித்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்புச் சத்தம் வீட்டில் வித்தியாசமாகக் கேட்டது, சுவரில் பட்டுத் திரும்பாமல் பக்கத்திலேயே எங்கோ உறிஞ்சப்பட்ட மாதிரி.

அதற்கப்புறம்தான் தூசியைக் கவனித்தாள்.

விரிப்பையும் மீறி மேஜைமேல் மாவு தூவியதுபோல் மெல்லிய தூசி. பஸ்காரரின் வாள்வீரன் மேல், குட்டையின் வில்லாளி மேல், இருபது முகப் பகடையின் ஒவ்வொரு முகத்தின் மேலும். விருந்தாளிமேல் மட்டும் இல்லை. பொட்டுத் தூசி இல்லை.

அதைச் செய்தது அவள்தான். காது மிஷின் கடையில் இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு அச்செடுக்கிற வேலை. காதுக்குள் பஞ்சை வைத்து, இளஞ்சிவப்புப் பசையை ஏற்றி, ஐந்து நிமிடம் இறுகவிட்டு உருவினால், அந்த ஆளின் காதுக்குள் இருக்கிற வளைவும் நெளிவும் அப்படியே கையில் வந்துவிடும். சரியாக வராத அச்சுகளைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அப்படிப் போட வேண்டியதில் ஒன்பதை எடுத்து வந்து ஒட்டி, உள்ளங்கை உயரத்தில் ஒரு பொம்மை செய்தாள். கால் மாதிரி இரண்டு, முதுகு மாதிரி ஒன்று, மீதியெல்லாம் காது. முகம் வைக்க நேரம் கிடைக்கவில்லை. கண் இல்லாமல், வாய் இல்லாமல், யார் யாருடையவோ காதுகளாலேயே ஆன ஒன்று. எதிரியே பார்த்தால் பாவம் ஓடிவிடுவான் என்று பஸ்காரர் கேலி செய்தார்.

கடைசி ஆட்டத்தில் அதைத் தன் பொம்மைக்கு இடப்பக்கம், வாசலைப் பார்த்து வைத்திருந்தாள். அது நன்றாக நினைவிருக்கிறது. இப்போதும் இடப்பக்கம்தான். ஆனால் திரும்பி, அவள் உட்காருகிற நாற்காலியைப் பார்த்தபடி நின்றது. முகம் இல்லாததைப் பார்த்தபடி என்று சொல்வது தவறு. கேட்டபடி.

அவள் உட்கார்ந்தாள். இடப்பக்கம் விருந்தாளிக்கென்று அண்ணன் போட்ட இருக்கை, அந்த முக்காலி. கொஞ்ச நேரத்துக்கு முன் அதை ஓரமாகத் தள்ளி வைத்தாளா, இல்லை கையை எடுத்துவிட்டாளா? தெரியவில்லை. இப்போது அது மேஜைக்கு நெருக்கமாக, ஆள் உட்கார்ந்தால் முழங்கை இடிக்கும் தூரத்தில் இருந்தது.

மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது. சமையலறையில் குழாய் சொட்டியது. இருபத்திரண்டு வருஷம் பிறர் காதைச் சோதித்துப் பழகிய காது அவளுடையது. ஒரு சத்தத்திலிருந்து இன்னொன்றைப் பிரித்தெடுக்கத் தெரியும். மழையைத் தள்ளினாள், குழாயைத் தள்ளினாள், குளிர்பெட்டியின் முனகலைத் தள்ளினாள், தன் மூச்சை அடக்கினாள். மிச்சம் ஒன்று இருந்தது. இடப்பக்கத்தில், மிக மெதுவாக, உள்ளே இழுப்பது மட்டும். வெளியே விடுகிற சத்தம் வரவே இல்லை.

அன்றைக்கு அவளுடைய மந்திரக்காரி கோட்டைப் படியில் அடிபட்டுக் கிடந்தாள். சுற்றிலும் எதிரிகள். முறை வந்ததும் வழக்கம்போல் யோசித்து இழுக்காமல் விருந்தாளிக்குப் பளிச்சென்று கட்டளை கொடுத்தாள். என் பக்கத்திலேயே இரு, யாரையும் கிட்ட விடாதே. அண்ணன்கூட மெச்சினான். அடுத்து விருந்தாளியின் முறை. தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று அண்ணன் எழுந்து போனான். சமையலறை வாசலிலேயே விழுந்தான். இதயம் என்றார்கள் டாக்டர்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது பூட்டாத வாசல் கதவு திறக்கவில்லை. பஸ்காரர் தோளால் இடித்துத் திறந்தார்.

முப்பதாம் நாள் அவளைப் பார்க்க வந்த பஸ்காரர் இந்த வீட்டு மாடிப்படியில் உருண்டு இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். யாரோ குறுக்கே நின்றார்கள் என்று வலியில் உளறினார். கடைக்கு வருகிற கணக்கு வாத்தியார் ஒருவர், மனைவியை இழந்தவர், அவள் மறந்துவிட்ட குடையைக் கொடுக்க ஒரு மாலை வீடுவரை வந்தார். கதவைத் திறந்ததும் அவள் தோளுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்து வெளிறிப்போய்க் குடையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அதற்கப்புறம் அவர் வேறு கடையில் காது மிஷின் வாங்கினார். துக்க வீடு என்றால் நாலு பேர் வரத் தயங்குவார்கள் என்று அவள் நினைத்தாள். தன் முகராசி அப்படி என்று நினைத்தாள். இரவில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, இனி இப்படித்தான் என்று அழுதாள்.

ஒரு தடவைகூட அவள் இதை நினைக்கவில்லை. ஆட்டம் முடியவே இல்லை. பதினான்கு மாதமாக விருந்தாளியின் முறைதான் நடந்துகொண்டிருக்கிறது.

மணி நாலே கால்.

ஓடிவிடலாம் என்று முதலில் தோன்றியது. பஸ் நிறுத்தத்துக்கே போய்க் குட்டையைப் பார்த்து, வேறு எங்காவது தங்கச் சொல்லலாம். பிறகு கட்டளையின் முதல் பாதி நினைவுக்கு வந்தது. பக்கத்திலேயே இரு. அவள் எங்கே போனாலும் அது பக்கத்தில்தான் இருக்கும். கணக்கு வாத்தியார் பார்த்தது அவளுடைய வாசலில் என்றால், கடையில் ஏன் யாரும் இப்போதெல்லாம் அவளருகே மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவதில்லை?

அனுப்ப வேண்டும். அனுப்ப அவள் முறை வர வேண்டும். அதற்கு மற்றவர்களின் முறை கடக்க வேண்டும், அவரவர் வாயால். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் வேறு என்ன செய்வது என்று யாரைக் கேட்பது?

“முடிஞ்சுதா?” என்று இடப்பக்கம் பார்க்காமல் கேட்டாள். “உன் முறை முடிஞ்சுதா?”

முக்காலி லேசாக முனகியது. பாரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறினால் வருகிற சத்தம்.

பஸ்காரருக்குப் போன் போட்டாள். அவர் இப்போது மகள் வீட்டில், வேறு ஊரில், கைத்தடியோடு. நலம் விசாரித்தார், மழையைப் பற்றிச் சொன்னார். அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள். அன்றைக்கு நின்றுபோன ஆட்டத்தை மூடி வைக்க வேண்டும், உங்கள் முறையைத் தாண்டுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள். மறுமுனையில் அவர் டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

“தங்கச்சி, நீ தனியாவா இருக்க?”

“ஆமாண்ணே.”

“இல்ல, பக்கத்துல யாரோ...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். “சரிம்மா. நான் தாண்டுறேன். கலைச்சுப் போட்டுடு. அந்தப் பொம்மைய முதல்ல வெளிய எறி.”

அடுத்து குட்டை. பஸ்ஸில் இருந்தாள், பின்னால் எஞ்சின் இரைச்சல், யாரோ சிரிக்கிற சத்தம், மழை தகரத்தில் விழுகிற சத்தம். கேட்டதும் குட்டைக்கு ஒரே சிரிப்பு. வந்து நேரிலேயே ஆடலாமே அக்கா, எனக்கும் ஆசையாக இருக்கிறது என்றாள். இல்லை, இப்போதே சொல் என்று இவள் வற்புறுத்தினாள்.

“சரி சரி, தாண்டுறேன். நான் தாண்டுறேன், போதுமா? அக்கா, பழைய சாவி என்கிட்டயே இருக்கு, நானே திறந்துக்கறேன். நீங்க எழுந்து வர வேணாம்.”

வராதே என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள். ஒரு வார்த்தை. ஆனால் சொன்னால் குட்டை வரமாட்டாள். இன்றைக்கு மட்டும் என்றால் அப்புறம் என்றைக்கும். மனிதர்கள் ஒரு தடவை வராமல் போனால் அப்படியே நின்றுவிடுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குள் அனுப்பிவிடலாம், நேரம் இருக்கிறது என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு, “பத்திரமா வா” என்றாள். வைத்துவிட்டாள். அந்த ஒரு நொடிக்காக அவள் தன்னை மன்னிக்கப் போவதில்லை.

மிச்சம் அண்ணன்.

ஒவ்வொரு சுற்றும் அவனோடுதான் முடியும். எதிரிகளையெல்லாம் நகர்த்திவிட்டுக் கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைச் சொல்வான். சரி, என் பங்கு முடிஞ்சுது, பாப்பா, உன் முறை. அவளுக்கு நாற்பத்தாறு வயது. அவனுக்குக் கடைசிவரை பாப்பாதான். பிறகு எழுதி வைப்பதற்காக ஆட்டம் முழுவதையும் அவள் போனில் பதிவுசெய்து தரச் சொல்வான். கடைசி ஆட்டத்தின் பதிவும் போனில் இருந்தது. அவள் அதைத் திறந்ததே இல்லை.

அவன் வாயால் சொன்னதுதானே என்று நினைத்தாள். செல்லும். செல்ல வேண்டும்.

இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு பதிவை ஓடவிட்டாள். அண்ணனின் குரல் தலைக்குள் நேராக இறங்கியது. கேட்டு எத்தனை மாதமாயிற்று. பஸ்காரர் இருமினார். குட்டை எதற்கோ சிரித்தாள். நாலு பேர் ஒரு மேஜையைச் சுற்றி இருந்தால் ஒரு வீடு எவ்வளவு சத்தமாக இருக்கும் என்பதையே மறந்துவிட்டிருந்தாள். அவளுடைய சொந்தக் குரல் கேட்டது, என் பக்கத்துலயே இரு, யாரையும் கிட்ட விடாத. சரி, இப்போ விருந்தாளி முறை, இருங்க, தண்ணி எடுத்துட்டு வரேன் என்றான் அண்ணன். அவன் நாற்காலி பின்னால் இழுபட்டது.

அதற்கடுத்து இன்னொரு இருக்கை இழுபட்டது. லேசானது. பிளாஸ்டிக்.

மேஜையில் மூன்று பேரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். யார் காதிலும் அது விழவில்லை. அவள் சத்தத்தைக் கூட்டினாள். பேச்சைத் தள்ளினாள். தூரத்தில் குழாய் திறந்தது, டம்ளர் நிரம்பியது, குழாய் மூடியது. அண்ணனின் செருப்பு திரும்பி வந்தது. நின்றது. அவன் குரல், பாதிச் சிரிப்போடு, வழியில் நிற்கிற தெரியாத ஆளிடம் பேசுகிற மரியாதையோடு:

“கொஞ்சம் வழி விடுங்க. தங்கச்சிக்குத் தண்ணி கொண்டுபோறேன்.”

டம்ளர் விழுந்தது.

காதிலிருந்து பிடுங்கி எறிந்தாள். வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது. அழுதால் அது பக்கத்தில் நெருங்கும் என்று தோன்றியதால் அழவில்லை. அறை இருண்டிருந்தது. மணி ஐந்து முப்பத்தைந்து. எப்படி? ஒரு மணி நேரம் எங்கே போயிற்று?

குட்டைக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. போனில் மட்டும் இல்லை. மிக மெல்லியதாக, கீழே, தெருவிலும் அடித்தது. அவள் இறங்கிவிட்டாள். பை கையில் இருக்கும், குடை மறு கையில் இருக்கும். எடுக்கவில்லை.

பதிவைப் பின்னுக்குத் தள்ளினாள். அண்ணன் சுற்றை முடிக்கிற இடம். கிடைத்தது. இடது கையைப் பொம்மைமேல் வைத்தாள். ரப்பர் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல்காரனின் காதுமடல்போல. சத்தத்தை முழுக்க வைத்து அழுத்தினாள்.

“சரி, என் பங்கு முடிஞ்சுது. பாப்பா, உன் முறை.”

ஒன்றும் நடக்கவில்லை. மழை. குழாய். கீழே படியில் முதல் காலடி.

போ என்று சொல்ல உதட்டைக் குவித்தாள். அதற்குள் இடப்பக்கத்திலிருந்து, முக்காலியிலிருந்து, அவள் காதுக்கு ஒரு சாண் தூரத்தில், அதே குரல்.

“என் பங்கு முடிஞ்சுது.” அண்ணன் குரல். போனின் கரகரப்பு இல்லை. மூச்சு சேர்ந்த குரல். “பாப்பா, உன் முறை. நான் இங்கயேதான் இருக்கேன்.”

இந்தக் கடைசி வாக்கியம் பதிவில் கிடையாது.

அது அண்ணன் இல்லை. அவளுக்குத் தெரியும். கேட்டதை வைத்துப் பேசுகிறது. பதினான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. எல்லாம் தெரியும். தெரிந்தும் அந்தக் குரல் அவளை எங்கோ பிடித்து இழுத்தது. கண் நிரம்பியது. போ என்றால் இதுவும் போய்விடும். இந்தக் குரலும்.

“அண்ணா,” என்றாள், “போயிடாத.”

சொன்ன பிறகுதான் தெரிந்தது.

நாக்கைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. பிரயோஜனம் இல்லை. சட்டம் அவளுக்காகவே போட்ட சட்டம். முதலில் சொன்னதுதான்.

“போ,” என்றாள். “போ. போ. போதும், போ.”

“சரி,” என்றது அண்ணனின் குரல், அன்பாக. “இப்போ விருந்தாளி முறை.”

முக்காலி இழுபட்டது. லேசாக. பிளாஸ்டிக்.

கை இன்னும் பொம்மையின் மேல். எடுக்க முடியவில்லை. வாசல் பக்கம் தலையைத் திருப்ப முடியவில்லை. கத்தினாள். குட்டை, ஓடு, உள்ளே வராதே. வாயிலிருந்து வந்த சத்தம் வாய்க்கு முன்னாலேயே உறிஞ்சப்பட்டது. அவளுக்கே கேட்கவில்லை.

பூட்டில் சாவி.

கதவு சுலபமாகத் திறந்தது. ஈரக் காற்று. குடை உதறுகிற சத்தம்.

“அக்கா? ஏன் இருட்டுல உக்காந்திருக்கீங்க?” செருப்பைக் கழற்றினாள். ஒன்று. இரண்டு. பையைக் கீழே வைத்தாள். சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் நின்று, வழியில் நிற்கிற தெரியாத ஆளிடம் பேசுகிற குரலாக மாறியது.

“கொஞ்சம் வழி விடுங்க.”

குடை விழுந்தது. சிறிது தூரம் உருண்டது.

அப்புறம் மழை மட்டும். திறந்த கதவு வழியாக, முன்னைவிடச் சத்தமாக.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. முக்காலி திரும்பி வந்தது. அவளுக்கு இடப்பக்கம். முழங்கை இடிக்கும் தூரம்.

“நான் தாண்டுறேன்,” என்றது பஸ்காரரின் குரல். “தாண்டுறேன், போதுமா?” என்றது குட்டையின் குரல், சிரித்துக்கொண்டே. மேஜையில் குரல்கள். வீடு நிறையக் குரல்கள். அவள் வலது கையை நீட்டிப் பக்கத்து நாற்காலியைத் தொட்டாள், எப்போதும் அண்ணன் உட்காருகிற நாற்காலியை. சூடாக இருந்தது. அதற்கடுத்து குட்டையின் நாற்காலி. அதுவும் சூடு. அதன் உட்காரும் இடம் ஈரமாக இருந்தது.

“சரி, என் பங்கு முடிஞ்சுது,” என்றான் அண்ணன். “பாப்பா, உன் முறை.”

பொம்மைமேல் கை இருக்கிறது, இப்போது அசைக்க வருகிறது. ஒரே ஒரு எழுத்து. அதைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். வாசலில் கிடப்பதும் அவளும் மட்டும் மிஞ்சுவார்கள், இந்த வீட்டில், இந்த மழையில்.

முதலில் வாயில் வருவது எதுவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அவர்கள் எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.